பறவை அறிவியல் விருதுக்கு ஆள் தேடியபோது: ஒரு நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் தமிழில் இயற்கை நடை நடத்தும் சிறிய தொண்டூழியர் குழு ஒன்று, பறவைகளைப் பற்றிய அறிவியலைப் பொதுமக்களுக்குப் புரியவைக்கும் ஒருவருக்கு ஆண்டுதோறும் விருது தருவதென்று முடிவுசெய்தது. முதல் ஆண்டுத் தேர்வு எப்படி நடந்தது, எங்கே சிக்கியது, என்ன முடிவானது, அதன் பிறகு என்ன நடந்தது என்பதை இங்கே பதிவுசெய்கிறேன். நடுவர் குழுவில் குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னுடையது. சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் விட்டிருக்கிறேன்.

பின்னணி

குழுவின் நடைகள் பெரும்பாலும் சுங்கை பூலோவில்தான். 1993-இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002-இல் சட்டப்படி இயற்கைக் காப்பகமான சதுப்புநிலம் அது. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் கரையோரப் பறவைகள் அங்கே சேற்றில் இரை தேடும். இந்தச் சின்னத் தீவில் 400-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலத்தில் அவற்றைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. தமிழில் பேசுபவர்கள் குறைவு, அவர்களையும் யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

நடைக்கு வழக்கமாக வரும் ஒரு வணிகர், ஆண்டுக்கு 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: "பறவை பார்க்கிறவருக்கு வேண்டாம். பறவையைப் பத்தி நாலு பேருக்குப் புரியவைக்கிறவருக்குக் கொடுங்க." எங்கள் வேலை முழுக்க அந்த இரண்டாவது வாக்கியத்துக்குள்தான் கிடந்தது. அப்போது அது தெரியவில்லை.

விண்ணப்பப் படிவம் ஒரு கலை நிகழ்ச்சி விருதுக்குத் தயாரித்தது. தலைப்பை மட்டும் மாற்றிப் பயன்படுத்தினோம். எத்தனை நிகழ்ச்சி நடத்தினீர்கள், சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், பத்திரிகையில் வந்திருக்கிறீர்களா, நல்ல படங்கள் இருந்தால் இணைக்கவும். இவ்வளவுதான் கேள்விகள். நடுவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், உயிரியல் படித்த இளைஞர், நடைகளின் மூத்த வழிகாட்டி, வானொலியில் வேலை பார்த்த ஓர் அம்மையார், அப்புறம் நான்.

சல்லடையில் நின்ற மூவர்

முதலாமவர் புகைப்படக்காரர். பகலில் கிடங்கு வேலை, விடுமுறை நாளில் கேமரா. பின்தொடர்பவர்கள் ஏராளம். அவருடைய இருவாச்சிப் படங்களைப் பார்த்து மயங்காதவர் இல்லை. படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பும் சரியாகவே இருக்கும். கறுப்பு வெள்ளை இருவாச்சி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கப்பூரை விட்டு மறைந்தது, 1994-இல் உபின் தீவில் மறுபடி கண்ணில் பட்டது, 2004-இலிருந்து கூட்டுப்பெட்டிகள் வைத்து அதை மீட்டெடுத்தார்கள் என்பதையெல்லாம் பிசகாமல் எழுதியிருந்தார்.

இரண்டாமவர் பல்கலைக்கழக மாணவி. இரண்டு மூன்று நிமிடத் தமிழ்க் காணொளிகள் எடுப்பவர். வலசைப் பறவைகள் இரவில் பறக்கும்போது கண்ணாடிக் கட்டடங்களில் மோதிச் சாவதைப் பற்றிய காணொளி, வாட்ஸ்அப்பில் எனக்கே மூன்று பக்கமிருந்து வந்திருந்தது.

மூன்றாமவர் ஓய்வுபெற்ற தாதி (செவிலியர்). வடக்குப் பகுதியில் ஒரு வீவக புளோக்கின் (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பின்) கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி உட்காரும் முதியவர்களிடமும் பணிப்பெண்களிடமும் மாலையில் பறவைகளைப் பற்றிப் பேசுவார். சமூக ஊடகக் கணக்கு கிடையாது. படிவத்தைக்கூட அவர் நிரப்பவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் நிரப்பி அனுப்பியிருந்தார். "பின்தொடர்பவர்கள்" என்ற கட்டத்தில் "மழை இல்லாத நாளில் பத்துப் பேர்" என்று இருந்தது.

படிவத்தை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்திருக்கும். புகைப்படக்காரருக்குப் பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. வானொலி அம்மையார்தான் தடுத்தார். "இதுல யாருக்கு என்ன புரிஞ்சதுன்னு ஒரு வரிகூட இல்லையே" என்றார். போய்ப் பார்ப்பதென்று முடிவானது.

கீழ்த்தளத்தில் கண்டது

தாதியின் பேச்சைக் கேட்க நாங்கள் போன சமயத்தில் அந்த வட்டாரத்தில் காக்கைத் தொல்லை. நடைபாதை மரத்தில் கூடு. கீழே போகிறவர்களின் தலையில் பின்பக்கமாக வந்து அடித்துக்கொண்டிருந்தன. 2023-இல் பீஷானில் இதே போல நடந்து செய்தியானதை எல்லாரும் நினைவில் வைத்திருந்தார்கள். கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்குப் பயம்.

அவர் காக்கையின் கதையை வேறெங்கோ தொடங்கினார். இந்த வீட்டுக்காக்கை இங்கே பிறந்ததில்லை, 1890கள் வாக்கில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது, அங்கிருந்து பரவியது என்றார். "நம்ம ஆளுங்க தோட்டத்துக்குக் கப்பல் ஏறின காலம்தான். அதுவும் வேலைக்குத்தான் வந்துச்சு." சிரிப்பு எழுந்தது. கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார்.

காக்கை சும்மா அடிப்பதில்லை. குஞ்சு கூட்டை விட்டு இறங்கி, சரியாகப் பறக்கத் தெரியாமல் புதரிலோ தரையிலோ இருக்கும் நாட்களில்தான் தாயும் தகப்பனும் பாயும். நாம் குஞ்சைக் கவனிக்காமல் பக்கத்தில் போகிறோம், அது நம்மை எதிரி என்கிறது. முகத்தைக் காட்டி நடந்தால் பெரும்பாலும் வராது, முதுகைக் காட்டினால் வரும். குடை பிடியுங்கள், அந்தப் பக்கம் சில நாள் சுற்றிப் போங்கள். இவ்வளவையும் கையால் நடித்துக் காட்டினார்.

ஒரு பெரியவர், "காக்கை மனுஷன் முகத்த ஞாபகம் வச்சுக்கும்னு சொல்றாங்களே தாதியம்மா?" என்று கேட்டார். நான் பேனாவை எடுத்தேன். இந்தக் கேள்வியில்தான் பலர் வழுக்குவார்கள். அவர் சொன்னது: "அமெரிக்காவுல சியாட்டில்ல முகமூடி போட்டுச் சோதிச்சுப் பாத்தாங்கய்யா, ஞாபகம் வச்சிருந்துச்சு. ஆனா அது வேற காக்கை. நம்மூரு காக்கையும் அப்படித்தானான்னு அத வச்சுச் சொல்ல முடியாது." உயிரியல் இளைஞர் என் பக்கம் திரும்பித் தலையசைத்தார்.

பிறகு குயில். விடியுமுன்பே கத்தித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்ற புகார் இங்கே சகஜம். 1980களுக்கு முன்னால் குயில் சிங்கப்பூரில் அரிது. காக்கை பெருகவே, அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. குயில் குஞ்சு பொரிந்ததும் காக்கைக் குஞ்சுகளைத் தள்ளிவிட்டுவிடும் என்று ஓர் அம்மா உறுதியாகச் சொன்னார். எப்போதும் அப்படி இல்லை, இந்தக் குயில் பல நேரம் காக்கைக் குஞ்சோடு சேர்ந்தே வளரும், முட்டை முன்கூட்டிப் பொரிவதுதான் அதற்குச் சாதகம் என்று திருத்தினார். அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. திருத்தியவிதம் அப்படி.

கடைசியில் எதிர்பார்த்த கேள்வி வந்தது. "அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைக்காம எப்படி அக்கா?" வனவிலங்குச் சட்டப்படி 2020 ஜூனிலிருந்து காட்டு உயிர்களுக்கு உணவிடுவது தீவு முழுக்கத் தடை. முதல் முறை 5,000 வெள்ளி வரை, மறுபடி செய்தால் 10,000 வெள்ளி வரை அபராதம். தொகையை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்தார். அதிக நேரம் பேசியது வேறு: நாம் வைக்கும் சோறு எத்தனை குஞ்சுகளைக் கூடுதலாகப் பிழைக்கவைக்கிறது, அந்தக் காக்கைகள் அடுத்த பருவத்தில் எங்கே கூடு கட்டும், அப்போது நகர மன்றத்துக்குப் புகார் போனால் என்ன ஆகும். கூட்டை எடுப்பார்கள், காக்கையைப் பிடிப்பார்கள். "முன்னோருக்கு என்ன செய்யணும்னு ஐயர்கிட்ட கேளுங்க, வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க. அதச் சொல்ல நான் ஆள் இல்ல. சோறு வச்சா காக்கைக்கு என்ன ஆகும்னு மட்டும்தான் எனக்குத் தெரியும்."

திரும்பும் வழியில் இதை வைத்தே எங்களுக்குள் வாக்குவாதம். நேரடியாக "வைக்காதீர்கள்" என்று சொல்லாமல் நழுவிவிட்டார் என்றார் மூத்த வழிகாட்டி. தனக்குத் தெரிந்ததன் எல்லையில் நின்றுகொண்டார் என்றார் தமிழாசிரியர். நான் ஆசிரியர் பக்கம்.

மற்ற இருவரிடம் கண்டது

புகைப்படக்காரரோடு ஒரு காலை போனோம். பொறுமையான மனிதர். இருவாச்சி கூடு வைத்திருந்த மரப்பொந்தை விட்டு நன்றாகத் தள்ளி நின்றே எடுத்தார். பெண் இருவாச்சி மண், எச்சம், உணவுத் துணுக்கு எல்லாம் கலந்து பொந்தின் வாயைப் பூசிக்கொண்டு உள்ளே அடைகாப்பதையும், ஒரு கீற்று வழியாக ஆண் ஊட்டுவதையும் எங்களுக்கு அழகாக விளக்கினார். ஆனால் முந்தைய வாரம் அவர் படத்தோடு இடத்தையும் போட்டிருந்தார். நாங்கள் போனபோது அந்த மரத்தடியில் முக்காலி வைக்க இடமில்லை. சிலர் பொந்துக்கு நேர் கீழேயே நின்றார்கள். ஆண் பறவை வாயில் பழத்தோடு வந்து, பக்கத்து மரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் பொந்துக்குப் போனது. கூட்டத்தால்தான் அப்படி என்று நாங்கள் அடித்துச் சொல்ல முடியாது. கேட்டபோது, "நான் போடலன்னா இன்னொருத்தர் போடுவார்" என்றார். அதுவும் உண்மைதான்.

மாணவியின் காணொளிகளைப் பறவையியல் படித்த வெளியாள் ஒருவரிடம் சரிபார்க்கக் கொடுத்தோம். கண்ணாடி மோதல் பற்றிய பகுதி சுத்தமாக இருந்தது. வெளிச்சம் இழுப்பது, கண்ணாடியில் தெரியும் மரத்தை நிஜ மரம் என்று நினைத்துப் பாய்வது, பிட்டா இனத்து நீலச்சிறகு ஆறுமணிக்குருவி அடிக்கடி பலியாவது எல்லாம் சரி. சிக்கல் தொடக்கத்தில் இருந்தது. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்ற கரையோரப் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 11 நாளில் 13,560 கிலோமீட்டர் தரையிறங்காமல் பறந்தது. ஐந்து மாதமே ஆன இளம்பறவை. மாணவி அதைச் சொல்லிவிட்டு, "இப்படிப் பறந்து நம்ம சிங்கப்பூரைத் தாண்டும்போதுதான்" என்று கண்ணாடிக்குத் தாவியிருந்தார். அந்தப் பறவை பறந்தது பசிபிக் பெருங்கடலுக்கு மேல். சிங்கப்பூர் அதன் வழியிலேயே இல்லை.

அவரிடம் சொன்னோம். இரண்டு நாளில் புதுக் காணொளி வந்தது. தான் சொன்னது தவறு என்று முதல் நொடியிலேயே சொல்லி, அந்த இடத்தில் சுங்கை பூலோவில் கருவி பொருத்தி விடப்பட்ட பவளக்காலிகள் என்ற கரையோரப் பறவைகள் இமயத்தைத் தாண்டித் திபெத்தியப் பீடபூமிக்குப் போவதைச் சேர்த்திருந்தார். முதல் எடுத்துக்காட்டைவிட இது நம் ஊருக்கு எவ்வளவோ பொருத்தம்.

கேட்டவர்களிடம் கேட்டது

இந்தக் கட்டத்தில் படிவத்தை ஒதுக்கிவிட்டு, மூவரின் பார்வையாளர்கள் சிலரைச் சில வாரம் கழித்துத் தொலைபேசியில் அழைத்தோம். பெரிய ஆய்வு ஒன்றுமில்லை. என்ன நினைவிருக்கிறது, அது ஏன் அப்படி என்று இரண்டே கேள்விகள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

புகைப்படக்காரரைப் பின்தொடர்பவர்கள் பறவையின் பெயர், நிறம், எந்த இடத்தில் எந்த மரம் என்பதுவரை சொன்னார்கள். பெண் ஏன் பொந்தை அடைத்துக்கொள்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் மௌனம். குறிப்பில் எழுதியிருந்தாலும் படத்தைத் தாண்டி அங்கே போனவர் குறைவு.

கீழ்த்தளத்தில் கேட்டவர்கள் காரணத்தைச் சொன்னார்கள், சிலர் கையை ஆட்டி நடித்தே சொன்னார்கள். ஒரு பணிப்பெண், தான் கூட்டிப்போகும் குழந்தைக்குத் தினமும் இதைச் சொல்லிக் குடை பிடிப்பதாகச் சொன்னார். ஆனால் சோறு வைப்பதை நிறுத்தினீர்களா என்று கேட்டால் இரண்டு பேர் சிரித்து மழுப்பினார்கள்.

மாணவியின் பார்வையாளர்கள்தான் எங்களை யோசிக்கவைத்தார்கள். நகரின் மையத்தில் ஓர் அலுவலகக் கோபுரத்தில் துப்புரவு மேற்பார்வை பார்க்கும் ஒரு தமிழர், காணொளியைப் பார்த்த பிறகு தம் ஆட்களுக்குச் சொல்லிவைத்திருந்தார். காலையில் கீழே கிடக்கும் பறவைக்கு உயிர் இருந்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வைக்க வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது. செத்திருந்தால் குப்பையில் போடாமல் எடுத்துவைக்க வேண்டும், லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்கு ஆய்வுக்குப் பயன்படும். மற்ற இருவர் விஷயத்தில் நாங்கள் இந்த அளவு மாற்றத்தைக் காணவில்லை. அதே மனிதர் அடுத்த மூச்சில், "அலாஸ்காவுலேர்ந்து நேரா இங்க பறந்து வருது சார், 11 நாள்" என்றார். திருத்தம் அவரிடம் போய்ச் சேரவில்லை. அவருக்கு வந்தது வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய பழைய பிரதி.

முடிவும் காரணமும்

மூன்று அளவுகோல்களை எழுதிவைத்துக்கொண்டோம். சொன்னது சரியா, கேட்டவரால் காரணத்தைத் திருப்பிச் சொல்ல முடிகிறதா, சொன்ன விதத்தால் பறவைக்குக் கேடு வருகிறதா. மூன்றாவதில் புகைப்படக்காரர் போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவருடைய எண்ணத்தில் குற்றமில்லை. ஆனால் கூடு இருக்கும் இடத்தை வெளியிடுவதை விருது கொடுத்து ஊக்குவித்ததாக ஆகிவிடும்.

மற்ற இருவருக்கிடையேதான் நீண்ட பேச்சு. தவறு செய்து, உடனே திருத்தி, திருத்தியதை மறைக்காமல் சொல்வதுதான் அறிவியல், அதற்கே விருது தரலாம் என்று உயிரியல் இளைஞர் வாதாடினார். நல்ல வாதம். ஆசிரியர் கேட்டது: "அந்த மேற்பார்வையாளர் இப்ப எத்தனை பேர்கிட்ட அலாஸ்கா கதையச் சொல்லியிருப்பார்?" கீழ்த்தளத்தில் ஒருவர் தவறாகப் புரிந்துகொண்டால், மறுநாள் மாலை அதே மேசையில் தாதி திருத்திவிட முடியும். காணொளிக்கு அந்த வசதி இல்லை, அதனால் அதில் சொல்வதற்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்பது ஆசிரியர் கருத்து. பத்துப் பேருக்குச் சொல்வதும் பத்தாயிரம் பேருக்குச் சொல்வதும் ஒன்றா என்று வழிகாட்டி கேட்டார். அதற்கு யாரிடமும் முழுப் பதில் இல்லை.

வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டாகத் தாதிக்கு விருது. கொடையாளர் கேட்டது "நாலு பேருக்குப் புரியவைக்கிறவர்", புரிந்ததற்கான சான்று அவரிடம்தான் கலப்பில்லாமல் இருந்தது என்று காரணத்தை எழுதி, மூவருக்கும் அனுப்பினோம்.

அதன் பிறகு

புகைப்படக்காரர் நீண்ட செய்தி ஒன்று அனுப்பிவிட்டுக் குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து விலகினார். எங்கள் கையேடுகளுக்குக் கொடுத்த படங்களையும் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்றார். அது அவர் உரிமை. கையேட்டை ஓவியங்களோடு மறுபடி அச்சடித்தோம், செலவு கூடியது. இப்போது அவர் குஞ்சுகள் பறந்துபோன பிறகே இடத்தைச் சொல்கிறார். அதற்கும் விருதுக்கும் சம்பந்தமில்லை என்று ஒரு நண்பரிடம் சொன்னாராம். இருக்கட்டும், இருவாச்சிக்கு நல்லதுதான்.

தாதி மண்டபத்து மேடைக்கு வர மறுத்தார். விருதைக் கீழ்த்தளத்திலேயே கொடுத்தோம். முன்னோர் வழிபாட்டைக் கெடுக்கிறவருக்கு விருதா என்று ஒரு கோயில் அன்பர் கடிதம் எழுதினார். தாதி பேசியதை அப்படியே எழுதிப் பதில் அனுப்பினோம், மறுகடிதம் வரவில்லை. விருதுப் பணத்தில் ஒரு பகுதியைத் தாதி, தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் "இங்கே காக்கைக் குஞ்சு இறங்கியிருக்கிறது, சுற்றிப் போகவும்" என்ற அட்டைகள் அச்சிடச் செலவழித்தார். அந்த மரத்துக் கூட்டை அதற்குள் அகற்றிவிட்டார்கள். காக்கைகள் அடுத்த புளோக்குக்குப் போய்விட்டன, அட்டைகளும் பின்னாலேயே போயின. பக்கத்து வட்டார முதியோர் நிலையம் ஒன்று அவரை மாதம் ஒருமுறை அழைக்கிறது.

மாணவி காணொளிகளை நிறுத்தவில்லை. இப்போது பதிவேற்றுமுன் ஒருவரிடம் காட்டிவிடுகிறார். மேற்பார்வையாளரை நாங்களே அழைத்துத் திருத்தத்தைச் சொன்னோம். "அப்படியா சார்? திபெத்தும் தூரம்தானே" என்றார். பழைய பிரதி இன்னும் சுற்றுகிறது.

மாற்றப்போவது

பின்தொடர்பவர் எண்ணிக்கை, பத்திரிகைச் செய்தி இரண்டு கட்டங்களும் படிவத்திலிருந்து போய்விட்டன. அதற்குப் பதில், உங்கள் பேச்சைக் கேட்ட சிலரை நாங்கள் அழைத்துப் பேசலாமா என்று சம்மதம் கேட்கிறோம். கூடு, குஞ்சு இருக்கும் இடத்தைப் பருவம் முடியும்வரை வெளியிடுவதில்லை என்ற உறுதிமொழியும் சேர்ந்திருக்கிறது. இதை எழுதியபோது புகைப்படம் எடுக்கும் உறுப்பினர்கள் இருவர் ஆட்சேபித்தார்கள். எல்லாரும் அறிந்த பூங்காவின் கூட்டுப்பெட்டிக்கும் இது பொருந்துமா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி, அந்த வரி இன்னும் முடிவாகவில்லை.

திருத்தத்துக்குத் தனி மதிப்பெண் வைத்திருக்கிறோம். செய்த தவறைத் திருத்தியது மட்டுமில்லாமல், முதலில் கேட்டவர்களிடம் அதைக் கொண்டுபோக என்ன முயற்சி எடுத்தார் என்றும் பார்ப்போம். விருதை இரண்டாகப் பிரித்து, நேரில் பேசுபவருக்கு ஒன்று, காணொளிக்கு ஒன்று என்று தரலாமா என்று வழிகாட்டி கேட்டிருக்கிறார். கொடையாளர் 1,000 வெள்ளியைப் பிரிக்கச் சம்மதிக்கவில்லை, இரண்டாவதற்கு வேறு ஆள் பிடியுங்கள் என்கிறார். தேடிக்கொண்டிருக்கிறோம்.